எதிரணியிடம் எஞ்சின் வாங்கும் பந்தயம்

பிரான்ஸின் ரெனோ நிறுவனம், போர்முலா வன் கார்ப் பந்தயங்களுக்கு எஞ்சின் தயாரிப்பதை 2025 ஆம் ஆண்டுப் பருவத்துடன் கைவிடுவதாக 2024 செப்டெம்பரில் அறிவித்தது. பாரிஸுக்கு அண்மையிலுள்ள அதன் எஞ்சின் தொழிற்சாலை ஊழியர்களின் எதிர்ப்பு இத்தீர்மானத்தை மாற்றவில்லை. டர்போ எஞ்சினை 1977 இல் முதன்முதலாகப் போர்முலா வன் பந்தயத் திடலுக்குக் கொண்டுவந்த நிறுவனம் இதுவேயாகும். அத்தகைய நிறுவனத்துக்குச் சொந்தமான அல்பின் அணி, 2026 முதல் மெர்சிடிஸிடமிருந்து எஞ்சினை விலைக்கு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. தானே தயாரிப்பதைவிட வாங்குவது மலிவு என்ற எளிய கணக்கே இதன் பின்னணியிலுள்ள பிரதான காரணமாகும்.

இக்கணக்கின் விபரீதத்தைக் கிரிக்கெட்டை அறிந்த எமது வாசகர்கள் இலகுவில் விளங்கிக்கொள்வர். துடுப்பு மட்டைகளை எதிரணியே செய்து விற்கின்றது என வைத்துக்கொள்வோம். நல்ல மரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை எமக்குத் தருகின்றதா என்ற ஐயம் ஒருபுறமும், அது கேட்கும் விலையைக் கொடுக்க முடியுமா என்ற கவலை மறுபுறமுமாக எமது அணி மைதானத்தில் இறங்க வேண்டியிருக்கும். போர்முலா வன் பந்தயத்தின் சிறிய அணிகள் பல தசாப்தங்களாக இந்நிலையிலேயே போட்டியிட்டு வந்துள்ளன.

எப்போதும் இவ்வாறு இருந்ததென்று கூறுவதற்கில்லை. 1967 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் திடலில், லோட்டஸ் காரில் பொருத்தப்பட்ட கொஸ்வேர்த் டி.எப்.வி. எஞ்சினுடன் ஜிம் கிளார்க் வெற்றியீட்டினார். அவ்வெஞ்சினுக்கு அது முதற் பந்தயமாகும். கீத் டக்வேர்த் வடிவமைத்த அதனை உருவாக்கப் போர்ட் நிறுவனம் வழங்கிய தொகை ஒரு இலட்சம் பவுண்களாகும். லோட்டஸ் மாத்திரம் வென்றுகொண்டிருந்தால் போட்டியே இல்லாத வெற்றியாகிவிடும் எனப் போர்ட் நிறுவனத்தின் வோல்டர் ஹேய்ஸ் கருதியதன் விளைவாக, 1968 முதல் ஏனைய அணிகளுக்கும் அது விற்கப்பட்டது. 1969 இலும் 1973 இலும் நடைபெற்ற ஒவ்வொரு பந்தயத்தையும் இவ்வெஞ்சின் பொருத்திய கார்களே வென்றன. 1983 வரை அது ஈட்டிய வெற்றிகள் மொத்தம் 155. எஞ்சின் கூடத்தில் ஒரு செப்புக்காசும் முதலிடாத டிரெல், வில்லியம்ஸ் போன்ற அணிகள் உலக சம்பியன்களாகியமை இதனாலேயே என்பது குறிப்பிடத்தக்கது. எல்லோரிடமும் ஒரே எஞ்சின் இருந்தமையால் போட்டி சலிப்பூட்டவில்லை. காரின் அமைப்பும் சாரதியின் திறனும் முடிவைத் தீர்மானித்தன.

பெரும் கார்த் தயாரிப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கியதும் இந்நிலை மாறியது. பத்து உருளைகள் கொண்ட மூன்று லீற்றர் எஞ்சின்களின் காலத்தில், ஒரு வார இறுதிக்குள்ளேயே எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்துவது வழமையாயிற்று. பணமிருப்போர் தகுதிகாண் சுற்றுக்கென்றே தனி எஞ்சின் வைத்திருந்தனர். இதற்குக் கடிவாளமிட 2004 இல் ஒரு வார இறுதிக்கு ஒரு எஞ்சின் என்றும், 2005 இல் இரண்டு பந்தயங்களுக்கு ஒன்று என்றும், 2009 இல் ஒரு பருவத்துக்கு எட்டு என்றும் விதிகள் இறுக்கப்பட்டன. 2018 ஆம் ஆண்டில் 21 பந்தயங்களுக்கு மூன்று எஞ்சின்களே அனுமதிக்கப்பட்டன. ஆயினும் செலவு எதிர்பார்த்தவாறு குறையவில்லை. நீண்ட காலம் உழைக்கும் எஞ்சினை உருவாக்கப் பரிசோதனைக் கூடத்தில் மேலும் அதிகமாகச் செலவிட வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். எல்லையை மீறியதற்கான தண்டனையோ சாரதியின் தலையில் விழுந்தது. 2015 பெல்ஜியம் பந்தயத்தில் ஹொண்டா எஞ்சின் பொருத்திய மக்லரன் அணியின் இரு சாரதிகளுக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட தண்டனை, நூறு இடங்களுக்கும் அதிகமாகப் பின்தள்ளப்படுவதாகும். களத்தில் நின்ற கார்கள் இருபது மாத்திரமே!

நிறுவனங்களை நம்பியிருப்பதன் ஆபத்தை நிரூபிக்க ஒரு பொருளாதார நெருக்கடி போதுமாயிற்று. 2008 டிசெம்பரில் ஹொண்டாவும், 2009 ஜூலையில் பி.எம்.டபிள்யூ.வும், அதே ஆண்டு நவம்பரில் டொயோட்டாவும் விலகுவதாக அறிவித்தன. இதற்கு முன்னரே, 2004 இல் போர்ட் நிறுவனம் கொஸ்வேர்த்தை விற்க முனைந்தபோது ஜோர்டான் அணி எஞ்சினுக்கு வழியின்றித் தவித்து, இறுதியில் டொயோட்டாவிடம் சரணடைந்தது. 2005 இல் அந்த ஜோர்டான் காரிலேயே கோயம்புத்தூர் வீரர் நரேன் கார்த்திகேயன் போர்முலா வன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் டயர்ப் பிரச்சினையால் ஏனையோர் விலக, ஆறு கார்கள் மட்டுமே ஓடியபோது அவர் நான்காமிடம் பெற்றார். பின்னர் அவர் ஓட்டிய எச்.ஆர்.டி. அணி 2012 உடன் மறைந்தே போனது. எஞ்சின் வாங்கும் அணியில் இருக்கும் ஒரு சாரதியின் திறனை உலகம் எவ்வளவு தூரம் காணமுடியும் என்ற கேள்வி இங்கு எழவே செய்கின்றது.

செலவைக் கட்டுப்படுத்தச் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனம் கையிலெடுத்த மற்றொரு ஆயுதம், எஞ்சின் மேம்பாட்டை முடக்குவதாகும். 2007 இல் இது நடைமுறைக்கு வந்தது. முடக்கப்படும் நாளில் யார் முன்னணியில் நிற்கின்றாரோ அவரே தொடர்ந்தும் முன்னணியில் நிற்பார் என்பது இதிலுள்ள அடிப்படைக் கோளாறு. நம்பகத்தன்மைக்கான திருத்தம் என்ற பெயரில் சிலர் வலுவைக் கூட்டிக்கொள்ள, பின்தங்கிய ரெனோவுக்கு 2009 பருவத்துக்கென விசேட சலுகை வழங்கவேண்டியதாயிற்று. 2014 இல் மின்சக்தியும் இணைந்த ஆறு உருளை டர்போ எஞ்சின் அறிமுகமானபோது அதே தவறு வேறு வடிவில் மீண்டும் இழைக்கப்பட்டது. திருத்தங்களுக்கு வரையறுக்கப்பட்ட வில்லைகள் வழங்கப்பட்டன. முதல் நாளே சிறந்த எஞ்சினுடன் வந்த மெர்சிடிஸ், அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 16 இனை வென்றது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே கேட்டர்ஹாம், மருசியா ஆகிய இரு சிறிய அணிகளும் கடனில் மூழ்கி நிர்வாகிகளின் கைக்குச் சென்றன. 2017 இலேயே வில்லை முறை நீக்கப்பட்டது.

உண்மையான பலப்பரீட்சை 2015 இல் நிகழ்ந்தது. வாங்கும் அணிகளுக்கான எஞ்சின் விலைக்கு உச்சவரம்பு விதிக்க சம்மேளனம் முன்வந்தபோது, தனக்கு மாத்திரமேயுள்ள விசேட வீற்றோ அதிகாரத்தைப் பயன்படுத்திப் பெராரி அதனைத் தடுத்தது. ஒரு போட்டியாளருக்கே விதியை இரத்துச் செய்யும் உரிமையை வழங்கிய விளையாட்டு உலகில் வேறு எங்கேனும் உண்டா என்பது எமக்குத் தெரியாது. அதே பருவத்தில் ரெனோவுடன் பிணக்குற்ற ரெட்புல் அணிக்கு மெர்சிடிஸும் பெராரியும் எஞ்சின் வழங்க மறுத்தன. நான்கு முறை உலகப் பட்டம் வென்ற அணி எஞ்சினின்றி வீதியில் நிற்கும் நிலை உருவானது. இந்த அதிர்ச்சியின் பின்னரே 2016 இல் உடன்பாடு ஏற்பட்டது. விலையை 2017 இல் பத்து இலட்சம் யூரோவினாலும், 2018 முதல் மேலும் முப்பது இலட்சம் யூரோவினாலும் குறைக்கவும், எஞ்சின் இல்லாத அணிக்கு வழங்கியே ஆகவேண்டும் என்ற கடப்பாட்டை ஏற்கவும் தயாரிப்பாளர்கள் இணங்கினர். தமது அணிக்கும் வாங்கும் அணிக்கும் வழங்கும் எஞ்சின்கள் ஒரே அமைப்பிலும் ஒரே மென்பொருளிலும் இயங்கவேண்டுமென 2018 இல் பணிக்கப்பட்டது.

இவ்விறுதி விதியே எல்லாவற்றிலும் பெறுமதியானது என்பது எமது கருத்தாகும். இதன் பலனை அறிய வெகுதூரம் செல்லத் தேவையில்லை. மெர்சிடிஸ் எஞ்சினை விலைக்கு வாங்கிய மக்லரன், 2024 இலும் 2025 இலும் அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்று, விற்றவரைப் பின்தள்ளியது. 2021 இல் அணிகளின் ஆண்டுச் செலவுக்கு 145 மில்லியன் டொலர் என்ற வரம்பு வந்ததும் இதற்குத் துணைபுரிந்தது. எஞ்சின் தயாரிப்பு அவ்வரம்புக்கு வெளியே இருந்தது. அதற்கு 2023 இலிருந்து ஆண்டுக்கு 95 மில்லியன் டொலர் எனத் தனி வரம்பு விதிக்கப்பட்டது.

லீ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயம் இடம்பெறும் உலகத் தாக்குப்பிடிப்புப் போட்டித் தொடரில் வேறொரு வழி கையாளப்படுகின்றது. வேகமான காருக்கு எடையைக் கூட்டி, வலுவைக் குறைத்து, யாவரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகின்றனர். நிறுவனங்கள் பல திரண்டு வந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சமன்பாட்டைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசவே போட்டியாளர்களுக்குத் தடையுள்ளது. வென்றவர் தன் திறமையால் வென்றாரா, அதிகாரிகளின் எடைக்கல்லால் வென்றாரா என்ற ஐயத்துக்கு அங்கு விடையில்லை. செலவிடும் பணத்துக்கு எல்லை வகுப்பது நியாயம். பெறுபேற்றுக்கு எல்லை வகுப்பது விளையாட்டாகாது.

2026 ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்ட புதிய எஞ்சின் விதிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. மின்மோட்டாரின் வலு 120 கிலோவாற்றிலிருந்து 350 கிலோவாற்றாக உயர்த்தப்பட்டு, செலவும் சிக்கலும் மிகுந்த வெப்பசக்தி மீட்புக் கருவி நீக்கப்பட்டது. தயாரிப்பாளர்களின் செலவு வரம்பு 130 மில்லியன் டொலராக உயர்ந்தது. எரிபொருள் எஞ்சினின் வலுவில் முன்னணியாளரைவிட 2 சதவீதத்துக்கு மேல் பின்தங்குவோருக்கு மாத்திரம் மேலதிகத் திருத்தங்களுக்கு வாய்ப்பளிக்கப்படுகின்றது. எவருடைய வலுவும் குறைக்கப்படுவதில்லை. பின்தங்கியவர் தனது முயற்சியாலேயே எட்டிப்பிடிக்க வேண்டும். அவுடி போன்ற புதியவர்களை இவ்விதிகள் ஈர்த்தமை உண்மையே. எனினும் பதினொரு அணிகளில் நான்கு மெர்சிடிஸ் எஞ்சினையும் மூன்று பெராரி எஞ்சினையும் நம்பியே 2026 பருவத்துக்கு வந்துள்ளன. இவ்விரு நிறுவனங்களில் ஒன்று, 2008 இல் ஹொண்டா செய்ததைப் போன்று ஓர் இரவில் கதவைச் சாத்துமாயின், மீதமுள்ள தயாரிப்பாளர்கள் அத்தனை அணிகளுக்கும் எஞ்சின் வழங்கும் வல்லமை உடையவர்களா என்ற வினாவுக்கு சம்மேளனம் இப்போதே விடை தேடிவைப்பது அவசியமாகும்.