ஓடியாட ஏற்ற உடை

உங்கள் மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாளா? விளையாட்டு வகுப்பில் ஓடுகிறாளா? மரத்தடியில் உட்கார்ந்து விடுகிறாளா?

பாவாடையோடு ஓடுவது கடினம். உடை மாற்ற மறைவான அறை எல்லாப் பள்ளியிலும் இல்லை. அதனால் சில பெண்கள் ஒதுங்கி விடுகிறார்கள்.

காலையிலேயே விளையாட்டு உடையில் அனுப்பலாமா? அனுப்பலாம். ஆனால் நம் திருவனந்தபுரத்தில் புழுக்கம் அதிகம். வியர்வை எளிதில் காயாது. ஈரத் துணியோடு மாலை வரை இருந்தால் அரிப்பு வரும். படர்தாமரையும் வரலாம்.

வேறு வழியும் உண்டு. சீருடையே ஓடியாட ஏற்றதாக இருக்கலாம். எறணாகுளம் மாவட்டத்தில் வளயன்சிறங்கரை அரசு தொடக்கப் பள்ளி உள்ளது. அங்கே 2018-இல் புதுச் சீருடை வந்தது. ஆண், பெண் இருவருக்கும் முக்கால் கால்சட்டை, மேல்சட்டை. கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பள்ளியில் 2021-இல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் ஒரே சீருடை வந்தது. பேண்ட், சட்டை. சிலர் எதிர்த்தார்கள். எந்த உடையையும் திணிக்க மாட்டோம் என்று 2022-இல் கேரள அரசு சொன்னது.

ஆகவே பள்ளியும் பெற்றோரும் பேசி முடிவு செய்ய வேண்டும். மகளிடமும் கேளுங்கள். பையில் மாற்றுச் சட்டை வைத்து அனுப்புங்கள். உடை மாற்ற அறை இல்லையா? பள்ளிக்கு மனு எழுதுங்கள். இப்போது நமக்கு எழுதத் தெரியுமே!