இரவில் தரிக்கும் வாகனம்: பூட்டை மட்டும் நம்பலாமா?

எமது திருகோணமலை மாவட்டத்தில் கடை வைத்து வியாபாரம் செய்பவர்களைப் போலவே, வாகனத்தையே கடையாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவர்களும் ஏராளம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் புடைவை, ரெடிமேட் உடுப்பு, பிளாஸ்டிக் சாமான் என்று ஏற்றிக்கொண்டு புல்மோட்டை, வெருகல், வாகரை வரை செல்லும் வேன்கள். குச்சவெளிக் கரையிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் லொறிகள். தம்புள்ளையில் மரக்கறி எடுத்துத் திரும்பும் டிமோ பட்டாக்கள். போதாக்குறைக்கு, படுக்கையும் அடுப்பும் பொருத்திய 'கெம்பர் வேன்'களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நிலாவெளிப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகள் வேறு.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. இருட்டிவிட்டால் வாகனத்தை எங்கே நிறுத்துவது?

யுத்த காலத்தில் இந்தக் கேள்விக்குப் பெரிதாக இடம் இருக்கவில்லை. இரவில் ஓட முடியாது. சோதனைச் சாவடி எங்கே மறிக்கிறதோ அங்கே வாகனம் நிற்கும். கிண்ணியாவுக்குப் போவதென்றால் மிதவைப் பாதையில் ஏற வரிசையில் காத்திருக்க வேண்டும். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மூதூர்ப் பக்கத்தின் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இன்று இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடலாம். விரும்பிய இடத்தில் நிற்கலாம். அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய வசதி. ஆனால் விரும்பிய இடத்தில் நாம் நிற்கலாம் என்றால், விரும்பிய இடத்தில் கள்வனும் வரலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு களவின் உண்மையான விலை

ஒரு சிறு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். பெருநாள் காலம். வேனில் 6 இலட்சம் ரூபாவுக்குப் புடைவை இருக்கிறது. பாதி கொழும்பு முதலாளிமாரிடம் கடனுக்கு எடுத்தது. வேன் லீசிங்கில் ஓடுகிறது. ஓர் இரவில் பின்கதவை உடைத்து 2 இலட்சம் ரூபாச் சாமான் போய்விட்டது. "போனது இரண்டு இலட்சம்தானே, உழைத்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்வார்கள். நூற்றுக்குப் பத்து வீதம் தேறிய இலாபம் வைப்பவர் அந்த இரண்டு இலட்சத்தை மீட்க வேண்டுமானால், மேலும் 20 இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்தாக வேண்டும். அதுவரைக்கும் கடன்காரரும் லீசிங் கொம்பனியும் காத்திருப்பார்களா?

"முழுக் காப்புறுதி இருக்கிறதே" என்பவர்களும் உண்டு. மோட்டார் வாகனத்தின் முழுக் காப்புறுதி வாகனத்துக்கானது. உள்ளே இருக்கும் வியாபாரச் சரக்கு பொதுவாக அதில் அடங்காது. சரக்குக்கென வேறாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். தகாபுல் முறையிலும் இதனைக் கேட்டுப் பார்க்கலாம். எடுக்கும் போது ஒரு நிபந்தனையைக் கட்டாயம் வாசியுங்கள்: இரவில் ஆளில்லாமல் நிறுத்திய வாகனத்திலிருந்து களவு போனால் நட்டஈடு உண்டா, இல்லையா? வாயால் சொன்னதை நம்பாமல் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பூட்டு என்ன செய்யும்?

பூட்டு கள்வனைத் தடுத்து நிறுத்தும் என்பது எமது பொதுவான எண்ணம். பூட்டுச் செய்வது அவனைத் தாமதப்படுத்துவதை மட்டும்தான். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் ஐந்து நிமிடத் தாமதம் அவனை ஓட வைக்கும். திரியாய்க் காட்டோரத்தில் தனியே நிற்கும் வேனில் அதே ஐந்து நிமிடம் அவனுக்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே இடம்தான் முதலில், பூட்டு அடுத்தது. இருந்தாலும் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட வேண்டும்.

பழைய வேன்களில் கதவுப் பூட்டுத் தேய்ந்து, வேறொரு வாகனத்தின் திறப்புக்கும் இணங்கிவிடும். அதை மாற்ற ஆகும் செலவு ஒரு நாள் இலாபத்துக்குள் அடங்கும். பின்கதவுக்கும் இழுவைக் கதவுக்கும் இரும்புக் கொண்டி அடித்து ஆமைப்பூட்டுப் போடுவது நல்லது. ஆனால் கொண்டியின் ஆணித் தலை வெளியே தெரிந்தால், பூட்டைத் தொடாமலேயே கொண்டியைக் கழற்றிவிடுவான். ஆணியின் முரை உட்பக்கம் இருக்க வேண்டும். ஆமைப்பூட்டும் வெட்டுக் குறட்டுக்கு அகப்படாதபடி வளையம் மூடிய வகையாக இருப்பது சிறந்தது. சிறிய பக்கக் கண்ணாடிகளுக்கு உட்புறமாகக் கம்பி வலை அடியுங்கள்.

ரிமோட்டால் பூட்டும் வாகனம் என்றால், அழுத்திவிட்டு நடந்துவிடாதீர்கள். அந்தச் சமிக்ஞையைக் குழப்பும் கருவிகள் உலகெங்கும் கள்வர் கைக்கு வந்துவிட்டன. கதவைக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை.

லொறிகளில் பெட்டரி வெளியே இருக்கிறது. மாற்று டயர் அடியில் தொங்குகிறது. டீசல் தாங்கியின் மூடி கையால் திறபடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தின் விலை எங்கோ போனது, உதிரிப்பாகமும் அப்படியே. 2022இல் எரிபொருளுக்கு நாம் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. பழைய பெட்டரிக்கும் ஒரு தாங்கி டீசலுக்கும் உடனே காசு உண்டு என்பது கள்வனுக்கும் தெரியும். பெட்டரிக்குக் கூடு, டயருக்குச் சங்கிலி, தாங்கிக்குப் பூட்டு மூடி ஆகிய மூன்றும் எந்த வெல்டிங் கடையிலும் ஒரு நாள் வேலை.

ஜீ.பி.எஸ். கருவி பொருத்துகிறார்கள். நல்லது. ஆனால் அது களவைத் தடுக்காது. வாகனம் போன பிறகு தேட உதவும். தொலைபேசிச் சமிக்ஞை இல்லாத காட்டுப் பகுதியில் அதுவும் வாய் மூடிவிடும். எனவே டீசல் செல்லும் வழியை நிறுத்தும் மறைவுச் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது முதலாளிக்கும் சாரதிக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியை வாகனத்தில் வைக்கவே கூடாது. பிரதி போதும். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வீட்டில் எழுதி இருக்கட்டும். பகல் சேர்ந்த காசை இரவு வரை சுமக்காமல், வழியில் பண வைப்பு இயந்திரம் உள்ள வங்கியில் போட்டுவிடுங்கள்.

கடற்கரைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிக்க இறங்கும் போது திறப்பை டயரின் மேல் மறைத்து வைக்கும் பழக்கம் உண்டு. அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உடைக்கும் வேலையும் மிச்சம். கெம்பர் வேன் வாடகைக்கு விடும் எமது இளைஞர்கள், நீர் புகாத சிறு பை ஒன்றைத் திறப்போடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.

உள்ளே தூங்கும் மனிதர்

சரக்கைக் காக்கச் சாரதியோ உதவியாளரோ வேனுக்குள் தூங்குவது வழக்கம். இங்கேதான் மிகப் பெரிய தவறுகள் நடக்கின்றன.

ஆளை உள்ளே விட்டு வெளியே ஆமைப்பூட்டுப் போடுவது ஒருபோதும் கூடாது. தீப்பிடித்தால் அந்த மனிதருக்கு வெளியேற வழியில்லை. உள்ளே தூங்குபவரின் கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கள்வர்கள் மயக்க மருந்தை விசிறிவிட்டுக் களவெடுப்பதாக ஒரு கதை அடிக்கடி உலாவும். ஐரோப்பாவில் கெம்பர் வேன்காரர்களிடமும் இதே கதை இருக்கிறது. பிரித்தானியாவில் மயக்க மருந்து வைத்தியர்களின் றோயல் கல்லூரி, தூங்குபவர் அறியாமல் அவ்வாறு மயக்குவது நம்பத்தக்கதல்ல என்று கருத்து வெளியிட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கதைக்குப் பயந்து எல்லாக் கண்ணாடிகளையும் இறுக மூடி, ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழும்பவே மாட்டார். எஞ்சினை நிறுத்துங்கள், இரு பக்கக் கண்ணாடிகளையும் கை நுழையாத அளவுக்கு இறக்கி வையுங்கள். மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பும் வேண்டாம்.

இரவில் யாராவது கதவைத் தட்டினால் இறங்க வேண்டாம். ஹோர்ண் அடித்து, விளக்கைப் போட்டு, வாகனத்தை எடுத்துச் சென்றுவிடுவதே புத்தி. அதற்காகவே நிறுத்தும் போது முன்பக்கம் வீதியைப் பார்க்க வேண்டும். பின்கதவு ஒரு மதிலோடு ஒட்டி நின்றால் இன்னும் நல்லது. 119க்கு அழையுங்கள். சரக்கைத் திரும்பவும் வாங்கலாம், உயிரை வாங்க முடியாது என்பதை முதலாளிமார் தம் வாயாலேயே சாரதிக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், பொறுப்புக்குப் பயந்து அவர் கள்வனோடு மல்லுக்கட்டுவார்.

நான்கு கால் விருந்தாளிகள்

ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் வழியிலும், ஹொரவப்பொத்தானைப் பக்கத்திலும் யானை வரும். நெல்லும் உப்பும் பழமும் மணத்தால், கடைச் சுவரையே உடைக்கும் மிருகத்துக்கு வேன் கண்ணாடி எம்மாத்திரம்? இரவில் தங்கும் போது பாதையைத் தவிர்க்குமாறும், அது இரவில் பிராணிகள் நடமாடும் வழி என்றும் நபி (ஸல்) அவர்கள் பயணிகளுக்குக் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய இந்த வழிகாட்டல் எமது கந்தளாய் வீதிக்கு அப்படியே பொருந்துகிறது.

களவு போனால் யார் பொறுப்பு?

இது எமது வியாபாரிகள் பலர் பேசத் தயங்கும் விடயம். களவு நடந்ததும் முதல் சந்தேகம் சாரதி மீதும் உதவியாளர் மீதும் விழுகிறது. ஆதாரம் எதுவுமின்றிச் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவரின் கையில் உள்ள பொருள் அமானிதம். அவர் கவனயீனமாக நடந்தாலோ வரம்பு மீறினாலோ அன்றி, நட்டத்தை அவர் தலையில் கட்ட முடியாது என்பதே மார்க்கச் சட்டத்தின் பொதுவான நிலைப்பாடு. பிணக்கு வந்தால் ஆலிம்களை அணுகித் தீர்த்துக்கொள்ளலாம்.

பிணக்கே வராமல் செய்ய வழி உண்டு. எங்கே இரவில் நிறுத்தலாம், எங்கே கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சாமான் சிட்டையில் ஏற்றும் போதும் இறக்கும் போதும் இருவரும் கையொப்பம் வைக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் வலியுறுத்தியிருக்கும் போது, நாம் மட்டும் "வாய்ப் பேச்சு போதும்" என்றிருப்பது முறையல்ல. களவு நடந்தால், எதையும் தொடாமல் பொலிஸுக்கு அறிவித்து, முறைப்பாட்டுப் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் காப்புறுதிக்காரர் முகம் கொடுக்கமாட்டார்.

இரவுத் தரிப்பிடம்: ஒரு தொழில் வாய்ப்பு

எமது மூதாதையர் தவள மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக் கண்டி நாட்டுக்குச் சென்றவர்கள். அவர்களிடம் நல்ல பூட்டு இருக்கவில்லை. கூட்டமாகச் சென்றார்கள்; வழக்கமான தங்குமிடங்களில் தரித்தார்கள்; அந்த ஊரவர்களோடு பழக்கம் வைத்திருந்தார்கள். நாம் தனித்தனி வேனில் போகிறோம்; தூக்கம் வந்த இடத்தில் நிறுத்துகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு பாதுகாப்பான லொறித் தரிப்பிடங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு தரங்களை வகுத்தது. வேலி, வெளிச்சம், கமரா, காவல், மலசலகூட வசதி என்பவற்றைப் பார்த்துத் தரம் கொடுக்கிறார்கள். எமக்கு பிளாட்டினம் தேவையில்லை. வெண்கலம் போதும்!

பிரதான வீதியோரம் மதில் கட்டிய பெரிய வளவுள்ள பள்ளிவாசல்கள் எமக்கு இருக்கின்றன. கழுவ, தொழ, படுக்க வசதி உண்டு. ஸுபஹுக்கு ஆள் நடமாட்டமும் உண்டு. பள்ளி நிர்வாகமும் வர்த்தகர் சங்கமும் பேசி, பிரதேச சபையின் அனுமதியோடு, அல்லது வீதியோரம் காணி உள்ள ஒருவர் தனித்தோ, இரவுத் தரிப்பிடம் ஒன்றைத் தொடங்கலாம். ஒரு வாகனத்துக்கு இரவுக்கு 500 ரூபா வாங்கினால், பத்து வாகனத்துக்கு 5,000. மாதம் 25 நாள் என்றால் 1,25,000 ரூபா. காவலாளிக்கும் மின்சாரத்துக்கும் போக மிச்சம் பள்ளிக்கு வருமானம். எல்லா இனத்துச் சாரதிகளுக்கும் திறந்திருக்க வேண்டும். வீதியில் தூங்குபவர்களில் தமிழரும் சிங்களவரும் உண்டு. அவர்கள் எமது ஊரில் நிம்மதியாகத் தூங்கிச் செல்வது எமக்கும் நல்ல பெயர்.

அதுவரைக்கும் ஒவ்வொருவரும் தமது வழித்தடத்தில் மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: இரவும் திறந்திருக்கும் பெற்றோல் செட், பொலிஸ் நிலையத்தின் முன்புறம், தெரிந்த ஒருவரின் வளவு. கேட்டு அனுமதி பெற்று நிறுத்துங்கள். மஃரிபுக்கு முன்னரே எங்கே தங்குவது என்று முடிவெடுத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு தேடுபவருக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக திர்மிதியில் வரும் ஹதீஸை மிம்பரில் கேட்காதவர் எம்மில் இல்லை. வரும் பெருநாள் சீசனுக்கு வேன்கள் புறப்படும் முன்னர், பள்ளி நிர்வாகிகளும் வர்த்தகர் சங்கத்தினரும் ஒரு தடவை உட்கார்ந்து இது பற்றிப் பேசினால், இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டே ஓர் இடமாவது உருவாகும்.