சொந்தக் குரலில்லாத சவ்வு

மிருதங்கத்தின் வலந்தலையில், தோலின் நடுவே கரிய வட்டமாகப் பதிந்திருக்கும் கரணைக்கு என்ன காரியம் என்று கச்சேரிக்குச் செல்பவர்களில் பலர் விசாரித்திருக்க மாட்டார்கள். வெறுந்தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் நாதங்கள் ஒன்றோடொன்று இயையாமல் சிதறிப்போகும் என்பதையும், நடுவே அந்தப் பாரத்தை ஏற்றியதனாலேயே அத்தோல் மீட்டிய தந்தியைப்போலச் சுருதியோடு பொருந்திய ஸ்வரங்களை எழுப்ப வல்லதாகிறது என்பதையும் ஸி. வி. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு சகாவோடு சேர்ந்து எழுதி விளக்கினார். ஆக, மிருதங்கத் தோலின் பெருமை அது தன் சொந்தக் குரலில் பேசுவதுதான். அதே மிருதங்க வாசிப்பை நாம் ரயில் ஜன்னலோரத்திலோ மொட்டைமாடியிலோ அமர்ந்து ஹெட்போனில் கேட்கிறோமே, அந்த ஹெட்போனுக்குள்ளும் ஒரு சவ்வு இருக்கிறது. ஆனால் அதன் லக்ஷணம் இதற்கு நேர்மாறானது. தனக்கென ஒரு குரலும் இல்லாமல், வந்த நாதத்தை வந்தபடியே ஒப்புவிப்பது ஒன்றே அதற்குப் பெருமை. குறைந்த விலையில், கையோடு எடுத்துச் செல்லத்தக்க, நல்ல ஹெட்போனைத் தேடுகிறவர் உண்மையில் இத்தகைய சவ்வு ஒன்றையே தேடுகிறார்.

அச்சவ்வின் பின்னே நிகழும் காரியம் எளியது. சின்னஞ்சிறு நிரந்தரக் காந்தம் ஒன்று. அதன் இடுக்கில் எதையும் தொடாமல் நிற்கும்படி மெல்லிய கம்பியால் சுற்றிய சுருள் ஒன்று. அச்சுருளோடு ஒட்டப்பட்ட, தலைமயிரின் பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் சவ்வு ஒன்று: இவ்வளவே. பாடகரின் குரலுக்கேற்பக் கூடியும் குறைந்தும் திசைமாறியும் வரும் மின்சாரம் சுருளில் பாயும்போது, சுருள் தானும் ஒரு காந்தமாகி, நிரந்தரக் காந்தத்தால் இழுக்கப்பட்டும் தள்ளப்பட்டும் முன்னும் பின்னும் அசைய, சவ்வும் உடன் அசைந்து எதிரேயுள்ள காற்றைச் சலனப்படுத்துகிறது. அந்தச் சலனமே நம் செவிக்குச் சப்தமாகிறது. மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது ஆதலால், மிருதங்கத்தின் இடந்தலையாகிய தொப்பியின் கும்கியையும் ஜால்ராவின் கிணுகிணுப்பையும் இந்த ஒரே சவ்வு ஒரே சமயத்தில் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. எந்த ஸ்தாயியில் அது தன் சுபாவத்தால் மிகுதியாகத் துள்ளுகிறதோ, எந்த ஸ்தாயியில் சோம்புகிறதோ, அங்கெல்லாம் பாட்டோடு அதன் சொந்தக் குரல் கலந்துவிடுகிறது. பாடகருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோலவோ, வயலின் தகரத்தில் செய்யப்பட்டதுபோலவோ நமக்குத் தோன்றுவது இதனாலேதான்.

இவ்வளவு நுட்பமான காரியத்தைச் செய்யும் கருவி மலிவாகக் கிடைப்பது எப்படி என்று வாசகர் ஐயுறலாம். ஒரு கூடத்தை நாதத்தால் நிரப்ப வேண்டிய ஒலிபெருக்கிக்குக் கனத்த காந்தமும், அகன்ற கூம்பும், மரப்பெட்டியும், பல வாட் மின்சக்தியும் தேவை. ஹெட்போன் நிரப்ப வேண்டிய கூடமோ, சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே உள்ள சிறிதளவு காற்றுதான். மிக மெல்லிய ஓசையைக் கேட்கையில் செவிப்பறை அசையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தினும் குறைவு என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். அத்தனை சூக்ஷ்மமான புலனின் வாசலிலேயே அமர்ந்து பேசும் கருவிக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்தியே பெரிய முழக்கத்துக்குப் போதுமானது. ஆகையால் இதில் செலவாகும் பொருள் சிறிது; வேண்டுவதெல்லாம் வடிவமைக்கிறவரின் சிரத்தை.

இந்த எளிமையை இதன் சரித்திரமே காட்டுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அது கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்பதற்காக வாங்கப்பட்டதே அன்றி, சங்கீதம் கேட்பதற்காக அன்று. இரண்டு காதுக்கும் தனித்தனி நாதம் தந்து சங்கீதம் கேட்பிக்கும் ஸ்டீரியோ ஹெட்போனை மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் 1958-ல் ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் அந்நாளைய ஹெட்போன்கள் வீட்டு நாற்காலியில் அமர்ந்து கேட்பதற்கே ஏற்றவை. ஜப்பானின் சோனி கம்பெனி 1979 ஜூலை 1 அன்று வாக்மேன் என்ற சட்டைப்பைக் காஸெட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை 300, 400 கிராம் கனத்திருந்த ஹெட்போனுக்குப் பதிலாக ஏறக்குறைய 50 கிராம் எடையே உள்ள, பஞ்சுபோன்ற நுரைமெத்தை வைத்த ஒன்றை அதனோடு கொடுத்தது. சங்கீதம் தெருவில் நடக்கத் தொடங்கியது அன்றுதான்.

அந்தப் பாதையில் 1984-ல் வெளிவந்த காஸ் கம்பெனியின் ‘போர்ட்டா ப்ரோ’ என்னும் ஹெட்போனை நாம் ஒரு திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்ளலாம். ஏனெனில் நாற்பது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலும் அதே உருவத்தோடு அது இன்றும் விற்கப்படுகிறது, விலையும் 50 டாலர் அளவிலேயே நிற்கிறது. ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் மெல்லிய உலோகப் பட்டை, உள்ளங்கையில் அடங்கும்படி மடங்கும் உடல், காதின் மேல் படும் நுரைமெத்தை, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டில் சாய்ந்து அழுத்தத்தின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும் சிறு திண்டு ஆகியவையே அதன் அங்கங்கள். தாழ்ந்த ஸ்தாயியைச் சற்றுத் தாராளமாகவே கொடுக்கும் இக்கருவி உச்சஸ்தாயியில் கொஞ்சம் அடக்கமானது. எனினும் குரலையும் வாத்தியத்தையும் இயல்பாகப் பேசவிடுகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை: உலோகப் பட்டையின் இடுக்கில் தலைமயிர் அகப்பட்டுக்கொள்ளும், முதுகுப்புறம் திறந்திருப்பதால் நாம் கேட்பதைப் பக்கத்து இருக்கைக்காரரும் ஓரளவு கேட்பார், அவருடைய பேச்சை நாமும் முழுமையாகக் கேட்போம்.

விலை உயர உயர நாதமும் உயரும் என்ற நம்பிக்கையை ஓர் ஆராய்ச்சி பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. 2017-ல் வெளியான அந்த ஆய்வில் 283 ஹெட்போன்களை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த ஸ்தாயி முதல் உச்சஸ்தாயி வரை அவை எந்தெந்த அதிர்வை எவ்வளவு பலமாக ஒலிக்கின்றன என்று அளந்து, அந்த அளவையும் விலையையும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் சம்பந்தமே காணப்படவில்லை. விலையுயர்ந்தவற்றில் உழைப்பும் உறுதியும் அணிந்துகொள்ளும் சுகமும் கூடுதலாக இருக்கலாம். நாதத்தின் சமநிலை மாத்திரம் விலைச்சீட்டைப் பார்த்து வருவதில்லை. 2022-ல் சீனாவின் மூன்டிராப் கம்பெனி ‘சூ’ என்ற இயர்போனை 20 டாலருக்குக் கொண்டுவந்தபோது, அதனினும் பன்மடங்கு விலையுள்ளவற்றோடு அதை வைத்துப் பேசிய ரசிகர்கள் பலர்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? முதலில் பார்க்க வேண்டியது, கேட்கப்போகும் இடத்தை. வீட்டுத் திண்ணையிலும் அமைதியான அறையிலும் கேட்பவருக்குப் போர்ட்டா ப்ரோ போன்ற திறந்த வகை ஏற்றது; காற்று முன்னும் பின்னும் தடையின்றி உலாவுவதால் நாதம் தலைக்குள்ளே அடைபட்டதுபோல் இராமல் சற்று விலகி நின்று ஒலிக்கும். நகரப் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் தினம் பிரயாணம் செய்கிறவருக்கோ அதே திறப்பு பெருந்தொல்லை. இயந்திர இரைச்சலை மீறிப் பாட்டைக் கேட்க வேண்டிச் சப்தத்தை அவர் மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போவார். அவருக்குக் காதுத் துவாரத்தை அடைத்து நிற்கும் இயர்போனே உத்தமம்.

அடுத்தது பொருத்தம். காதுக்குள் வைக்கும் இயர்போனோடு சிறிதும் பெரிதுமாக மூன்று ஜோடி ரப்பர் முனைகள் கொடுக்கப்படுவதைப் பலர் கண்டிருப்பர். பெட்டியோடு பரணில் போட்டு மறந்துமிருப்பர். முனைக்கும் காதின் சுவருக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஸ்தாயியின் காற்றழுத்தம் அவ்வழியே கசிந்துவிடும். கும்கி மறைந்து, கீச்சென்ற உச்சஸ்தாயி மட்டும் எஞ்சும். “மட்டமான சரக்கு” என்று வைது தூர எறியப்பட்ட இயர்போனை, ஓர் அளவு பெரிய முனையை மாற்றி மாட்டிப் பார்த்தால் அது வேறு கருவியாகவே மாறிவிடுவதைப் பிரத்யக்ஷமாகக் காணலாம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று வேறு வேறு முனை மாட்டுவதில் குற்றமில்லை.

பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட எண்களில் இரண்டு மாத்திரம் பயனுள்ளவை. ஓம் என்பது மின்தடை. டெசிபெல் என்பது குறிப்பிட்ட மின்சக்திக்கு எழும் சப்தத்தின் பலம். போர்ட்டா ப்ரோ 60 ஓம் தடை உடையது. ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபெல் எழுப்புவது. அந்த ஒரு மில்லிவாட்டைப் பெற அதற்குக் கால் வோல்ட் மின்னழுத்தம் போதும். கைப்பேசி அதை எளிதில் தந்துவிடும். 300 ஓம் தடையுள்ள கருவி எத்தனை உயர்ந்ததாயினும் கைப்பேசியில் மாட்டினால் ஈனஸ்வரத்திலேயே பாடக்கூடும். மற்றபடி ‘20 முதல் 20,000 வரை’ என்று எல்லாப் பெட்டிகளிலும் காணும் எண்ணுக்கு அதிக மதிப்பில்லை. அந்த எல்லைக்குள் ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று சொல்லாதவரை, அது ஊரின் எல்லைக்கல்லைக் காட்டிவிட்டுத் தெருக்களின் மேடுபள்ளத்தை மறைப்பது போன்றதே.

கம்பியில்லாத புளூடூத் வகையின் சௌகரியத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் செலவழிக்கும் தொகை சிறிதாயிருக்கும்போது, அதே பணத்தில் பாட்டரியும், ரேடியோவும், மின்னெண் சில்லும், வைத்துச் சார்ஜ் செய்யும் டப்பாவும் பங்கு கேட்கும். சவ்வுக்கும் காந்தத்துக்கும் கிடைப்பது மிச்சம்தான். பாட்டரிக்கு ஆயுளும் உண்டு. அது தளர்ந்தபின் நல்ல நிலையிலுள்ள சவ்வும் குப்பைக்குப் போக நேர்கிறது. கம்பியுள்ள ஹெட்போனிலோ முதலில் பழுதாவது பெரும்பாலும் கைப்பேசியில் செருகும் பின்னுக்கு அருகே கம்பி மடங்கும் இடம்தான். கம்பியைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்துக் கழற்றுவதும், இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளைத்து வைப்பதும் அதன் ஆயுளை நீட்டும். கம்பியை மாத்திரம் கழற்றி மாற்றக்கூடிய இயர்போன் கிடைத்தால் இன்னும் நல்லது.

வாங்கிய கருவி நன்றாக ஒலிக்கிறது என்பதற்காக அதை உரக்க ஒலிக்கவிடுவது செவிக்குச் செய்யும் துரோகம். 80 டெசிபெல் பலத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபெல்லானால் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் சப்தத்தின் சக்தி இரட்டித்து, கேட்கத்தக்க காலம் பாதியாகிவிடுகிறது. உள்காதில் உள்ள மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கடைசியாக, கடையில் பரீட்சிக்கும் முறை. செவிக்கு ஒரு விசித்திர சுபாவம் உண்டென்பதைப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-ல் எடுத்துக்காட்டினார்கள்: சப்தம் குறையும்போது தாழ்ந்த ஸ்தாயி மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து மறைந்துவிடுகிறது. எனவே இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே நிறைவாகத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். முதலில் இரண்டின் சப்தத்தையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் போட்டுக்காட்டும் அதிரடிப் பாட்டை விட்டு, நூறு தரம் கேட்டு உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவைப் போடச் சொல்லுங்கள். தம்பூராவின் ரீங்காரம் தனியாகத் தெரிகிறதா, பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதா, வலந்தலைச் சொல்லும் தொப்பியின் கும்கியும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு கவனிப்பதையும் விட்டுவிட்டுச் சும்மா கேளுங்கள். தனியாவர்த்தனம் முடிந்து பல்லவி திரும்பும் வரையில் காதில் ஒரு கருவி இருக்கிறது என்ற நினைவே உங்களுக்கு எழவில்லையானால், விலையைப் பேசத் தொடங்கலாம்.