நாவலூரிலிருந்து ஜித்தா: தொலைவும் நேரமும்

நாவலூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர்தான். சாலை வழியே சென்றாலோ 25 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டுவிடுகிறது. ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025) தமது நில அளவியல் நூலை எழுதி முடித்த அல்பிரூனிக்கும் இதே சிக்கல் இருந்தது. பயணிகள் கூறிய வழித்தொலைவுகளில் வளைவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதைக் கோளக் கணிதத்தில் இட்டே பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாட்டை அவர் கண்டார். இன்று விமானத் தொலைவென்று நாம் சொல்வதும் அக்கோளக் கணிதத்தின் விடையே.

அவ்வாறு கணக்கிட்டால் சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடைத்தொலைவு சற்றேறக்குறைய 4,450 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தேகால் மணி நேரம். ஏறுதல், இறங்குதல், எதிர்க்காற்று ஆகியன சேர்ந்தால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். குளிர்மாதங்களில் மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்று திரும்பும் பயணத்தைச் சற்றுச் சுருக்கித் தரும். 1995 வரை மும்பையிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்களில் பயணத்தை நாள்களால் எண்ணினார்கள்.

கடிகாரமோ வேறு கணக்குச் சொல்லும். ஜித்தாவின் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. மாலை 4 மணிக்கு இடைநில்லா விமானத்தில் புறப்பட்டவர் அங்கு இரவு 7.15க்கு இறங்கினால், பயணம் மூன்றேகால் மணி நேரமென்று தோன்றும், கழிந்ததோ ஐந்தேமுக்கால். நோன்பாளிக்கு இது வெறும் எண்கணக்கன்று. புவியின் சுழற்சியால் இப்பகுதிகளில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே செல்வதாகக் காண்கிறது. விமானம் அதில் பாதி வேகத்தில் அதனைப் பின்தொடர்கிறது. ஆகவே புறப்படும்போது மீந்திருந்த பகற்பொழுது கிட்டத்தட்ட இருமடங்காகும். சென்னையில் மாலை 6.20க்குச் சூரியன் மறையும் நாளில், 4 மணிக்கு ஏறியவருக்கு அது மறைய இந்திய நேரம் 8.40 ஆகிவிடும். சாளரத்துக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, சென்னைப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பார்த்து நோன்பு திறப்பது எவ்வாறு பொருந்தும்? பயணி இருக்கும் இடத்துச் சூரியனே மஃரிபைத் தீர்மானிக்கிறது.

இஹ்ராமின் நிலையும் இத்தகையதே. கப்பலில் சென்ற இந்தியருக்கு யலம்லமுக்கு நேரான கடற்பகுதி மீகாத்தாக இருந்தது. விமானமோ ஜித்தாவில் இறங்குவதற்கு இருபது, முப்பது நிமிடங்களுக்கு முன்பே வானில் மீகாத் எல்லையைக் கடந்துவிடும். 1986இல் அம்மானில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வான்வழி வருவோரும் மீகாத்துக்கு நேராகும்போதே இஹ்ராமில் நுழைய வேண்டுமென முடிவு செய்தது. ஜித்தாவே போதுமென்ற கருத்துடைய அறிஞரும் உளர். மேகத்துக்கு மேல் எல்லைக்கல் எதுவும் இல்லை. விமானப் பணியாளரின் அறிவிப்பும் உறங்குவோர் காதில் விழாது போகலாம். சென்னையிலேயே இஹ்ராம் உடை உடுத்திக்கொண்டு, புறப்பட்டு ஐந்து மணி நேரம் ஆகுமுன் நிய்யத்தும் தல்பியாவும் செய்துகொள்வதே பாதுகாப்பான வழி.