பச்சிளங்குழந்தையும் பக்கவாட்டு வெளிச்சமும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அந்த வீட்டின் முகமே மாறிவிடுகிறது. ஏழாம் நாள் தலைமுடி களைந்து, பெயர் சூட்டி, அகீகா கொடுக்கும் வேளையில் உறவினர் கூடுகின்றனர். கடல் கடந்து பொருளீட்டும் தந்தைக்கு அனுப்பி வைக்கவேனும் ஒரு நல்ல புகைப்படம் வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. பிறந்த குழந்தையின் தோற்றம் நாளுக்கு நாள் மாறுவது. முதல் வாரத்தில் கண்ட முகத்தை மூன்றாம் வாரத்தில் காண இயலாது.

படம் எடுக்க முனையும்போது வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "ஃபிளாஷ் போடாதீர்கள், பிள்ளையின் கண் கெட்டுவிடும்" என்று மூத்தம்மா தடுப்பார். "இந்த இருட்டறையில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எப்படித் தெளிவாக விழும்?" என்று வீட்டு இளைஞர் கேட்பார். இருவரின் கவலையும் நியாயமானதே. ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றி, பக்கவாட்டில் வைத்து, அதன் ஒளி வெள்ளைச் சுவரிலோ குடையிலோ பட்டுக் குழந்தையை வந்தடையச் செய்வது இருவருக்கும் நிறைவளிக்கும் எளிய வழியாகும்.

கண்ணுக்குக் கேடு உண்டா?

2015ஆம் ஆண்டு, சீனாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்று ஃபிளாஷ் ஒளியால் பார்வை இழந்ததாக ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. கண் மருத்துவர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. ஃபிளாஷ் ஒளி ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ, அதனினும் குறைவாகவோதான் நிலைக்கிறது. சாதாரண ஃபிளாஷ் குழந்தையின் பார்வையைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்க்கு அறை வெளிச்சமே காரணமோ என்ற ஐயம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. அமெரிக்காவில் சுமார் 400 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாராருக்கு ஒளியைக் குறைக்கும் கண்ணாடி அணிவித்தும் அந்நோய் குறையவில்லை என்பது 1998இல் வெளியான அதன் முடிவு.

ஆயினும், தீங்கில்லை என்பதனால் முகத்தருகே கொண்டுபோய் ஒளியைப் பாய்ச்சலாம் என்று பொருளாகாது. கைக்குழந்தைக்கும் ஃபிளாஷுக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டும் என்று கேமரா நிறுவனக் கையேடுகளே எச்சரிக்கின்றன. திடீர் ஒளியால் குழந்தை திடுக்கிடவும் கூடும். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பேணப்படும் குழந்தையை மருத்துவரின் அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது.

ஒளி மென்மையாவது எவ்வாறு?

உச்சி வெயிலில் நிற்பவரின் நிழல் கறுத்து, கோடு கிழித்தாற்போல் விழும். மேகம் மூடிய நாளில் நிழலே தெரிவதில்லை. சூரியன் அதேதான். மேகத்தின் வழியே வரும்போது வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காகி விடுகிறது. ஃபிளாஷுக்கும் இதுவே விதி. சிறிய பரப்பிலிருந்து வரும் ஒளி கடுமையானது. பெரிய பரப்பிலிருந்து வருவது மென்மையானது. கேமராவின் மேலிருந்து நேரே பாயும் ஒளி குழந்தையின் முகத்தைத் தட்டையாக்கி, தோலின் சிவப்பையும் செதில்களையும் மிகைப்படுத்திக் காட்டும். பக்கவாட்டில் வெள்ளைச் சுவரின் மீது திருப்பினால் அந்தச் சுவரே பெரிய விளக்காகிவிடும். மூக்கின் வளைவும் கன்னத்தின் திரட்சியும் இதமான நிழலோடு புலப்படும்.

சுவர் வெள்ளையாக இருத்தல் வேண்டும். பச்சை, நீலச் சுவர்களின் வண்ணம் குழந்தையின் மேனியிலும் படியும். இக்காரணத்தால், மஞ்சட் காமாலை இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது.

எளிய ஏற்பாடு

தேவையானவை நான்கே: கழற்றக்கூடிய ஒரு ஃபிளாஷ், அதனைக் கம்பியின்றி இயக்கும் சிறு கருவி, ஒரு ஸ்டாண்டு, ஒரு வெள்ளைக் குடை. சுவர் வாய்ப்பாக இருந்தால் குடையும் வேண்டா. குழந்தையின் தலைப்பக்கம், சற்றே ஓரமாக, முகத்தைவிட உயரத்தில் ஒளி அமையட்டும். காற்பக்கமிருந்து வந்தால் நிழல்கள் தலைகீழாக விழுந்து முகம் விகாரமாகத் தோன்றும். எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளைத் துணியோ தெர்மோகோல் பலகையோ வைத்தால் நிழலின் அடர்த்தி குறையும்.

ஃபிளாஷின் வலிமையை 1/16 பங்கில் வைத்துத் தொடங்கலாம். கேமராவில் ஐஎஸ்ஓ 400, துளை எஃப் 5.6, நேரம் 1/160 வினாடி என்பது நல்ல தொடக்கம். தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதை நினைவிற் கொண்டு கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொள்ளலாம். இச்சோதனைகளையெல்லாம் சுருட்டிய துவாலை ஒன்றைக் கிடத்தி முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். குழந்தை வந்தபின் நான்கைந்து படங்களே போதும்.

பாதுகாப்பே முதற்கடமை

குடை விரித்த ஸ்டாண்டு மின்விசிறிக் காற்றிலேயே சாய்ந்துவிடக்கூடியது. அதன் காலில் மணல் பையைக் கட்டுங்கள்; அல்லது ஒருவர் கையிலேயே பிடித்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு நேர் மேலே எதுவும் தொங்கக் கூடாது. பச்சிளங்குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும் ஆகையால் விசிறியை நிறுத்தி, வெதுவெதுப்பான அறையில், வயிறு நிறைந்து உறங்கும் வேளையில் எடுப்பதே நலம்.

கைகளில் மோவாயை ஊன்றி, தலை நிமிர்த்தி அமர்ந்தாற்போன்ற பச்சிளங்குழந்தைப் படங்கள் இன்று கைப்பேசிகளில் உலவுகின்றன. அவற்றைக் கண்டு வீட்டில் முயல்வோர் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். அவை ஒரே படமல்ல. ஒருவர் தலையைத் தாங்கி ஒரு படமும், கைகளைத் தாங்கி மற்றொரு படமும் எடுத்து, தாங்கிய விரல்களைக் கணினியில் அழித்து இணைக்கப்பட்டவை. தன் தலையைத் தானே தாங்கும் வலிமை பச்சிளங்குழந்தையின் கழுத்துக்கு இல்லை. வெளிச்சத்தைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுங்கள். படத்திற்காகக் குழந்தையை வளைக்காதீர்கள்.

படம் தரும் எச்சரிக்கை

ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி விழித்திரையிற் பட்டுத் திரும்பி வருவதால் கண்மணி சிவப்பாகத் தெரியும். அது நோயன்று. ஆனால் சிவப்புக்குப் பதிலாக வெண்மையான ஒளிர்வு தெரிந்தால் அதனை அலட்சியம் செய்யலாகாது. பிறவிக் கண்புரையோ, விழித்திரைப் புற்றுநோயோ அதற்குக் காரணமாகலாம். அப்புற்றுநோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிரையும் பல வேளைகளில் பார்வையையும் காக்கலாம்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா, தம் மகனுக்கு இந்நோய் உறுதியானபின் பழைய குடும்பப் படங்களை ஆராய்ந்தார். பிறந்த 12ஆம் நாள் எடுத்த படத்திலேயே அவ்வெண்மை இருந்தது. அவரும் உடன் ஆய்வாளர்களும் நோயுற்ற குழந்தைகளின் ஆயிரக்கணக்கான படங்களை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். குடும்பப் படங்கள் நோயை முன்கூட்டியே காட்டித்தரக்கூடும் என்பது அதனால் தெளிவாயிற்று.

குழந்தை பார்க்கும் கோணத்தினாலும் சில வேளை வெண்மை தோன்றலாம். எனினும் ஒரு படத்தில் கண்டாலும் காலம் தாழ்த்தாது கண் மருத்துவரிடம் காட்டிவிடுவதே அறிவுடைமை. பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தில் இவ்வொளிர்வு பொதுவாகத் தெரியாது என்பதையும் மறவாதீர்கள். ஆகவே, அழகிய படங்களை ஆல்பத்தில் வைத்துக்கொள்ளும் பெற்றோர், குழந்தை வளரும் மாதங்களில் கைப்பேசியில் எடுத்த சாதாரணப் படங்களையும் உடனே அழித்துவிடாமல், இரு கண்களையும் ஒருமுறை உற்று நோக்குவார்களாக. குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கண்ணொளியைப் பேணுவதும் அந்தப் பொறுப்பில் அடங்கியதே.