வேரோரத்துக் குடிகள்

திருமழிசையைச் சுற்றி மனைக்கற்களுக்கும் தொழிற்பேட்டைச் சுவர்களுக்கும் நடுவே இன்னும் நெல் விளைகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் தூர் கட்டிய பயிர் ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். செம்பழுப்பாக இருக்கும். அது இரும்புத் துருவேதான்.

சேற்றுக்குள் காற்று புகாது. நெல் தன் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை வேருக்கு இறக்குகிறது. அதில் கொஞ்சம் வெளியே கசிந்து, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி வேர்மேல் படியவைக்கிறது. வேரை ஒட்டிய மெல்லிய வட்டத்தில் மட்டும் காற்று உண்டு. மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. சற்றுத் தள்ளிக் காற்றில்லாத சேற்றில் இருப்பவையோ மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள்.

வேரின் ஆளுகைக்கு உட்பட்ட இந்த மண்ணுக்கு 1904-இல் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர் ‘ரைசோஸ்பியர்’ என்று பெயரிட்டார். இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி, அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் சேர்த்து, வேர்வழியே மண்ணில் விடுகிறது. பசித்துக் கிடக்கும் மண்ணுக்கு இது பந்தி. ஆனால் எல்லாருக்கும் இலை விழுவதில்லை. அந்தக் கலவையை வேகமாக உண்ணத் தெரிந்தவை பெருகும், மற்றவை ஒடுங்கும். அதனால் வேரோரத்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடினாலும், வகைகள் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். செடி மண்ணை வளப்படுத்துகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது ஆள் பார்த்துச் சேர்க்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

உளுந்து இதில் இன்னும் கறார். அதன் வேரிலிருந்து கசியும் பிளேவனாய்டு என்னும் சேர்மங்கள் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்களை அழைத்து, முடிச்சுகளில் குடிவைக்கின்றன. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். சோளமோ தடுக்கவும் செய்யும்: அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை அதன் வேர்ச்சுரப்பு அடக்குவதால், தழைச்சத்து நீரோடு போகாமல் தங்குகிறது.

ஒரே பயிருக்குள்ளும் வேறுபாடு உண்டு. இண்டிகா நெல்லின் வேரில் ஜப்பானிகாவைவிடப் பல்வகைப் பாக்டீரியாக்கள் வாழ்வதையும், அதில் நைட்ரேட் தொடர்பான ஒரு மரபணுவுக்குப் பங்கிருப்பதையும் 2019-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். திருமழிசை இருக்கும் இதே மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். ரகங்கள் இண்டிகாவே.

ஆனாலும் செடிக்கே முழு அதிகாரமில்லை. 2006-இல் வட, தென் அமெரிக்க மண்களை ஒப்பிட்ட நோவா ஃபியரரும் ராபர்ட் ஜாக்சனும், பாக்டீரியா வகைகளை அதிகம் தீர்மானிப்பது மண்ணின் அமில-காரத் தன்மையே என்று கண்டார்கள். மரவகைகள் நிறைந்த அமேசான் காட்டின் அமில மண்ணில் வகைகள் குறைவாகவே இருந்தன.

அதே சமயம், ஓர் அபூர்வமான செடி அபூர்வமான துணையை வைத்திருக்கக்கூடும். பிச்சாவரம் அலையாத்திப் பகுதியின் காட்டு நெல்லிலிருந்து, உப்பைத் தாங்கிக்கொண்டு காற்றின் நைட்ரஜனைச் சத்தாக்கும் புதிய பாக்டீரியா ஒன்றைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரித்தெடுத்து, 2004-இல் ‘சுவாமிநாதானியா சலிடாலரன்ஸ்’ என்று பெயரிட்டார்கள்.

செடிக்கேற்பத் துணை மாறும் என்பதால், சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டமும் நெல்லே போட்டால், மண்ணுக்குக் கிடைப்பது ஒரே வேரின் உணவுதான். ஒரு பட்டம் உளுந்தோ தக்கைப்பூண்டோ விதைத்தால் ஒடுங்கியிருந்தவற்றுக்கும் முறை வரும். உளுந்து விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைத்தால், முளைக்கும் வேருக்குத் தேவையான துணை பக்கத்திலேயே காத்திருக்கும்.