துங்கநாதர் திருமலை

தில்லி, கான்பூர், லக்னோ முதலிய வடநாட்டு நகரங்களில் வாழும் தமிழன்பர்களுள் ஹரித்துவாரத்தில் கங்கை நீராடாதவர் மிகச் சிலரே. பதரிக்கும் கேதாரத்துக்கும் சென்று வந்தவரும் பலர். ஆனால், அவ்விரு தலங்களுக்கும் இடையே மலை முதுகின்மீது எழுந்தருளியிருக்கும் துங்கநாதரைத் தரிசித்தவர் அத்துணைப் பேர் இலர். ‘துங்கம்’ என்னும் வடசொல்லுக்கு உயரம் என்பது பொருள். பெயருக்கேற்ப, கடல் மட்டத்திற்கு மேல் 3,680 மீட்டர், அதாவது ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் இத்திருக்கோயில் அமைந்துள்ளது.

பாரதப் போர் முடிந்தபின், சுற்றத்தாரைக் கொன்ற பழி நீங்கப் பாண்டவர் சிவபெருமானைத் தேடிச் சென்றனர். பெருமானோ காளை வடிவெடுத்து அவர்கள் கண்ணுக்கு மறைந்தார். பின்னர் அவருடைய திருமேனியின் பகுதிகள் ஐந்து இடங்களில் வெளிப்பட்டன என்பது புராண மரபு. அவ்வைந்தும் பஞ்ச கேதாரம் எனப்படும். துங்கநாதம் அவற்றுள் மூன்றாவது. பெருமானின் தோள்கள் தோன்றிய இடம். முதலாவதாகிய கேதாரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்றது என்பதை நம்மவர் அறிவர்.

ரிஷிகேசத்திலிருந்து செல்லும் வழியும் நமக்கு முற்றிலும் அயலானதன்று. பாகீரதியும் அளகநந்தையும் கூடிக் கங்கையென்று பெயர் பெறும் தேவப்பிரயாகை, பெரியாழ்வார் பாடிய திவ்விய தேசம். ருத்திரப்பிரயாகைக்கு அப்பால், மந்தாகினிக் கரையில், அகத்தியமுனி என்றே ஓர் ஊர் இருக்கிறது. தமிழ் முனிவர் தவமிருந்த இடம் என்று அவ்வூரார் கூறுவர். அங்கிருந்து உகிமடம் வழியாகச் சோப்தா என்னும் சிற்றிடத்தை அடையலாம். வண்டிப் பாதை கோயிலை நோக்கி அதற்குமேல் செல்லாது. எஞ்சிய நான்கு கிலோமீட்டர் தொலைவையும் கல் பாவிய வழியில் நடந்தே ஏறவேண்டும். இயலாதவர்க்குக் குதிரைகள் கிடைக்கும்.

ஏறத் தொடங்கும் இடத்தில் காடு அடர்ந்திருக்கும். இளவேனிலில் ‘புராஞ்சு’ மரங்கள் செந்நிறமாகப் பூத்துக் குலுங்கும். சிறிது உயரம் சென்றதும் மரங்கள் குறுகிக் கடைசியில் இல்லாதொழியும். கண்ணுக்கெட்டிய வரை பசும்புல் விரிந்து கிடக்கும். இவ்வகைப் புல்வெளியைக் கட்வால் மக்கள் ‘புக்யால்’ என்பர். இதன் காரணம் அறியத்தக்கது. உயரம் ஏற ஏறக் குளிர் மிகுகிறது; வளர்ச்சிக்கு ஏற்ற வெம்மையான நாட்கள் குறைகின்றன. ஒரு மரம் ஓங்கி வளர அந்நாட்கள் போதா. புல்லும் பூண்டுமோ பனியின்கீழ் பல மாதம் உறங்கி, பனி உருகியபின் சில திங்களுக்குள் துளிர்த்து, பூத்து, வித்திட்டு முடித்துவிடும். ஆகவே, இங்கே ஒரு பிடி புல் தேய்ந்தால் அது மீண்டும் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். புல் அழிந்த இடத்தில் மழை மண்ணை அரித்துச் செல்லும்.

திருக்கோயில் சிறியது; கேதாரநாதர் ஆலயத்தைப் போன்ற கற்கட்டடம். நம் நாட்டுக் கோயில்களின் வானளாவிய கோபுரமும் நெடிய பிராகாரமும் இங்கு இல்லை. மக்கூ என்னும் ஊரைச் சேர்ந்த அந்தணர் பூசை புரிகின்றனர். குளிர்காலத்தில் உற்சவமூர்த்தியையும் அவ்வூருக்கே எழுந்தருளச் செய்வர். கோயிலுக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் சந்திரசிலை என்னும் உச்சி. வானம் தெளிந்த காலையில் நந்தாதேவி, திரிசூலம், சௌகம்பா முதலிய பனிச் சிகரங்கள் வரிசையாகக் காட்சி தரும். இம்மலை நீரைப் பிரிக்கும் வரம்புமாகும். ஒரு பக்கம் பெய்த மழை மந்தாகினியைச் சேரும். மறு பக்கத்து நீர் அளகநந்தையைச் சேரும். இரண்டும் ருத்திரப்பிரயாகையில் மீண்டும் கூடும்.

இத்தகைய இடத்திற்கு இன்று இடர் வந்துள்ளது. கோயில் ஐந்தாறு பாகை சாய்ந்திருப்பதைத் தொல்லியல் துறையினர் கண்டறிந்தனர். 2023-ஆம் ஆண்டில் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்கப்பட்டது. புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. சட்டம் எவ்வளவு இருப்பினும், குறுக்கு வழி தேடிப் புல்லை மிதிக்கும் கால்களைத் தடுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் காவலரை நிறுத்த இயலுமா? பாதையை விட்டு விலகாமையும், கொண்டு சென்ற காகிதத்தையும் புட்டியையும் திரும்பக் கொண்டு வருதலும் யாத்திரிகர் கடமை.

செல்ல விரும்புவோர் சில செய்திகளை நினைவிற் கொள்க. சித்திரை முதல் நாளை ஒட்டிவரும் வைசாகியன்று நடை திறக்கும் தேதியும், விசயதசமியன்று நடை சாத்தும் தேதியும் அறிவிக்கப்படும். மழைக்காலத்தில் மலைச்சரிவு வழியை அடைக்கும். ஆகவே மே, ஜூன் திங்களின் முற்பகுதியும், செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் ஏற்றவை. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. சென்னையிலோ மதுரையிலோ இருந்து பெற்றோரை வருவிப்பவர், அவர்களை வந்த மறுநாளே மலையேற்றலாகாது. உகிமடத்தில் ஓரிரவும் சோப்தாவில் ஓரிரவும் தங்கி, உடல் பழகியபின் ஏறுக. தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் கண்டால் தரிசனத்தைப் பெரிதென எண்ணாது உடனே கீழே இறங்கிவிட வேண்டும். கம்பளியும் மழையுறையும் கோடையிலும் தேவை. விடியற்காலையில் புறப்பட்டால், பிற்பகல் மேகம் சிகரங்களை மூடுமுன் தரிசனம் முடித்து இறங்கிவிடலாம்.